போடலாம், போடணும், போடுறேன்: எதிர்காலத்தைப் பேசும் விதமும் பணத்தில் பொறுமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளையைப் பற்றி ஒரு மொழி எப்படிப் பேசுகிறதோ, அதைப் பொறுத்தே அந்த மொழிக்காரர் கையில் பணம் தங்கும் என்று ஒரு வாதம் பல ஆண்டுகளாக உலவுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வாரக் கூலி வாங்குபவருக்கும், அம்மாப்பேட்டை தறிக்காரருக்கும், ஏற்காட்டில் மூன்று நாலு ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கும் அதில் எது உதவும், எது உதவாது என்பதுதான் இந்தப் பக்கம்.

இந்த வாதம் எங்கிருந்து வந்தது?

கீத் சென் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2013-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து. உலக மொழிகளை அவர் இரண்டாகப் பிரித்தார். நாளை நடக்கப்போவதைச் சொல்லும்போது எதிர்கால வடிவத்தைக் கட்டாயம் போட வேண்டிய மொழிகள் ஒரு பக்கம். நிகழ்கால வடிவமே போதும் என்று விட்டுவிடும் மொழிகள் மறுபக்கம். வானிலை அறிக்கைதான் இதற்கு உரைகல். ஜெர்மன்காரர் ‘நாளை மழை பெய்கிறது’ என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அது செல்லாது.

நாளையையும் இன்றையும் ஒரே வடிவில் பேசுகிறவருக்கு நாளை பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், அதனால் அதற்காக இன்று விட்டுக்கொடுப்பது எளிது என்பது அவர் ஊகம். ஒரே நாட்டில், ஒத்த வருமானமும் படிப்பும் குடும்ப அமைப்பும் உள்ள வீடுகளை ஒப்பிட்டார். நிகழ்கால வடிவம் போதும் என்ற மொழிக்காரர் ஓர் ஆண்டில் சேமித்திருக்கும் வாய்ப்பு 31 சதவீதம் கூடுதல், ஓய்வுபெறும்போது கையிருப்பு 39 சதவீதம் கூடுதல், புகைப்பிடிக்கும் வாய்ப்பு 24 சதவீதம் குறைவு என்று கணக்கு வந்தது. இந்த எண்கள்தான் ஊரெல்லாம் சுற்றின.

தமிழ் எந்தப் பக்கம்?

வானிலைச் சோதனையை மட்டும் வைத்தால், எதிர்கால வடிவம் கட்டாயமான பக்கம். ‘நாளைக்கு ஏற்காட்டுல மழை பெய்யும்’ என்றுதான் சொல்வோம். ‘பெய்யுது’ என்றால் குடை எங்கே என்று தேடுவார்கள்.

ஆனால் நம் சொந்தத் திட்டத்தைச் சொல்லும்போது கதை மாறுகிறது. ‘நாளைக்கு ஏற்காடு போறேன்’, ‘வெள்ளிக்கிழமை பணம் தர்றேன்’, ‘அடுத்த மாசம் சீட்டு எடுக்கிறேன்’ என்று எல்லாவற்றையும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். அந்த இடத்தில் ‘போவேன்’ என்றால் பேச்சில் அது பெரும்பாலும் வழக்கத்தைக் குறிக்கும்: ‘நான் வாராவாரம் லீ பஜார் போவேன்.’ அதே வடிவம் முடிந்துபோன காலத்துக்கும் வரும்: ‘தாத்தா அப்பல்லாம் சந்தைக்கு நடந்தே போவாரு.’ எதிர்கால இடைநிலை என்று பள்ளியில் படித்த வ், ப் இரண்டும் நாளையை மட்டும் சுமப்பதில்லை. வழக்கத்தையும் ஊகத்தையும் பழைய நினைவையும் சேர்த்தே சுமக்கின்றன.

ஆகவே தமிழை ஒரு பெட்டியில் போட்டு மூட முடியாது. மழையைப் பேசும் தமிழ் ஒரு பக்கம் நிற்கிறது, கடன் தவணையைப் பேசும் தமிழ் இன்னொரு பக்கம் நிற்கிறது. சென்னின் வகைப்பாட்டை மொழியியலாளர்கள் எதிர்த்ததும் இந்த மாதிரிக் காரணங்களால்தான். வீட்டுப் பேச்சில் இருப்பது இலக்கண நூலில் இருப்பதைப் போல நேராக இருக்காது.

அப்படியானால் சென் சொன்னது நிற்கிறதா, விழுந்துவிட்டதா?

முழுதாக நிற்கவில்லை. மொழிகள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். அக்கா தங்கை மொழிகள் இலக்கணத்தையும் பகிர்ந்துகொள்ளும், பழக்கவழக்கத்தையும் பகிர்ந்துகொள்ளும். பத்து உறவு மொழிகளில் ஒரே போக்கு தெரிந்தால் அதைப் பத்துச் சான்று என்று எண்ணக் கூடாது, ஒரு சான்று பத்து முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஷான் ராபர்ட்ஸ், ஜேம்ஸ் விண்டர்ஸ் இருவருடன் சென்னும் சேர்ந்தே 2015-ல் இதைச் சரிபார்த்தார். மொழிக் குடும்ப உறவைக் கணக்கில் சேர்த்ததும் தொடர்பு வலுவிழந்தது. தன் முடிவைத் தானே உரசிப் பார்த்தாரே, அது மதிக்க வேண்டிய செயல்.

மறுபுறம், இத்தாலியின் மெரானோ நகரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒரே ஊர், இரண்டு மொழி. ஜெர்மன் பேசும் பிள்ளைகள் பெரிய பரிசுக்காகக் காத்திருக்கத் தயாரானது, இத்தாலியன் பேசும் பிள்ளைகளைவிட சுமார் 16 சதவீதப் புள்ளி அதிகம். இது மொழியின் வேலையா, வீட்டு வளர்ப்பின் வேலையா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. சீன மொழியில் எதிர்காலச் சொல்லைச் சேர்த்தும் சொல்லலாம், சேர்க்காமலும் சொல்லலாம். ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்ட ஆய்வு 2019-ல் வந்தது. அதில் பொறுமையில் மாற்றம் தெரியவில்லை. இதுதான் எங்களுக்கு மிக முக்கியமான சான்று, ஏனென்றால் ஆளையும் ஊரையும் மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது இதுதான்.

எங்கள் கணிப்பு: காலம் காட்டும் இடைநிலை ஒன்றே ஒருவரைச் சேமிக்க வைக்காது, செலவாளியாகவும் ஆக்காது. காப்பிச் செடி நட்டு முதல் நல்ல அறுவடைக்கு மூன்று நாலு ஆண்டு காத்திருக்கும் மலைக்காரரும், பத்து மாதம் நிற்கும் குச்சிக்கிழங்கை நம்பி நடும் ஆத்தூர் விவசாயியும் பேசுவது இதே தமிழைத்தான்.

சேலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது எல்லாம் வீட்டு மொழியாக இருக்கின்றனவே. இங்கேயே சோதிக்கலாமே?

சோதிக்கத் தகுந்த ஊர்தான். பேச்சுக் கன்னடத்தில் நிகழ்காலமும் எதிர்காலமும் பெரும்பாலும் ஒரே வடிவில் வரும். தமிழில் மழைக்கு அப்படி வராது. ஆனால் தவறு எங்கெங்கே நுழையும் என்று தெரிந்து செய்ய வேண்டும். முதலாவது, மொழியும் தொழிலும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. நெசவு வீட்டையும் விவசாய வீட்டையும் ஒப்பிட்டுவிட்டு வேறுபாட்டை மொழியின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரே தெரு, ஒரே தொழில், ஒத்த வருமானம் என்று ஜோடி சேர்க்க வேண்டும். இரண்டாவது, வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் தமிழுமாகப் பேசுகிறவரிடம் எந்த மொழியில் கேள்வி கேட்டோம் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். மூன்றாவது, வாய்க் கேள்வி போதாது. ‘இன்றைக்கு 100 ரூபாயா, நாலு வாரம் கழித்து 120 ரூபாயா’ என்று கேட்டால் அந்தப் பணத்தை உண்மையிலேயே கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழி நம்பிக்கை. 2013-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சிறு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள், மற்றதிடம் காப்பாற்றவில்லை. பிறகு ஒரு மிட்டாயைக் கொடுத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். தீபாவளிச் சீட்டு பிடித்தவர் ஒரு முறை கம்பி நீட்டியதைப் பார்த்த தெருவில், ‘இன்றைக்கே கொடு’ என்று கேட்பவரை அவசரக்காரர் என்று எழுதினால் ஆய்வே பொய்.

இலக்கணக் காலம் முக்கியமில்லை என்றால், பேச்சில் எதுதான் முக்கியம்?

உறுதி. எப்போது என்பதைவிட, நடக்குமா நடக்காதா என்பதை ஒரு மொழி எப்படிக் காட்டுகிறது என்ற பக்கம் அண்மை ஆய்வுகள் திரும்பியிருக்கின்றன. கோல் ராபர்ட்சனும் ஷான் ராபர்ட்ஸும் ஆங்கிலத்தையும் டச்சையும் ஒப்பிட்டு 2023-ல் எழுதியது இதைத்தான்.

தமிழில் இதற்கு ஒரு தெளிவான ஏணி இருக்கிறது. கீழிருந்து மேலாகச் சொல்லிப் பாருங்கள்:

‘சம்பளம் வரட்டும், பார்க்கலாம்.’
‘மாசம் ஆயிரம் போடலாம்.’
‘மாசம் ஆயிரம் போடணும்.’
‘போடப் போறேன்.’
‘போடுறேன்.’
‘பத்தாம் தேதி போட்டுடுறேன்.’

முதல் மூன்றிலும் ஒரு பொது ஓட்டை உண்டு. ‘வரட்டும்’, ‘லாம்’, ‘ணும்’ மூன்றுக்கும் ஆள் காட்டும் விகுதி கிடையாது. நானா, நீயா, வீட்டுக்காரரா, யார் போடுவது? வாக்கியத்தில் ஆளே இல்லை. ‘போடுறேன்’ என்றதும் கடைசியில் ‘-ஏன்’ என்ற விகுதி வந்து உங்களைப் பிடித்துவிடுகிறது. ‘போட்டுடுறேன்’ என்பதில் ‘விடு’ என்ற துணைவினையும் சேர்ந்து முடித்துவிடும் உறுதியைத் தருகிறது. கடன் கேட்டு வந்தவரிடம் நாம் எப்போதும் இந்தக் கடைசி வடிவத்தில்தான் வாக்குக் கொடுக்கிறோம். நமக்கு நாமே சேமிப்பதைப் பேசும்போது மட்டும் ‘லாம்’, ‘ணும்’ என்று இறங்கிவிடுகிறோம். இதை மாற்றினால் போதும் என்று சொல்ல ஆய்வுச் சான்று இல்லை. ஆனால் கணவன் மனைவி உட்கார்ந்து குடும்பக் கணக்கு பேசும்போது ‘நாம சேர்க்கணும்’ என்று முடித்தால் அடுத்த மாதம் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். வாக்கியத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

‘கை வைக்க முடியாது’ என்று சொல்வதா, ‘கை வைக்க மாட்டேன்’ என்று சொல்வதா?

மறுப்பைச் சொல்லும் விதம் மன உறுதியை மாற்றும் என்று 2012-ல் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு வந்தது. ‘என்னால் முடியாது’ என்றவர்களைவிட ‘நான் செய்வதில்லை’ என்றவர்கள் உறுதியாக நின்றார்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது. நம் ‘முடியாது’ இயலாமையையும் குறிக்கும், முகத்துக்கு நேரான மறுப்பையும் குறிக்கும். தமிழில் ‘அந்தக் கணக்குல நான் கை வைக்கிறதில்ல’ என்பது பொருத்தமாக இருக்கும். கைமாற்று கேட்டு வரும் சொந்தக்காரரிடமும் பகை வராமல் சொல்லக்கூடிய வாக்கியம் அது.

‘இதோ போட்டுட்டேன்’ என்று நடக்காததை நடந்ததாகச் சொல்கிறோமே, அது நல்லதா?

இதை இலக்கணக்காரர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வருவதைக் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது நன்னூல். சோற்றில் கை வைத்தபடியே ‘இதோ வந்துட்டேன்’ என்பது விரைவு.

பணத்தில் இதற்கு இரண்டு முகம். வெளியே போக வேண்டிய பணத்தைப் போனதாகவே பேசுவது நல்லது. கூலி 6,000 என்றால் ‘250 போயிடுச்சு, கையில 5,750’ என்று அன்றே சொல்லிவிடுவது சேமிப்புக்குத் துணை. உள்ளே வர வேண்டிய பணத்தை வந்ததாகப் பேசுவது ஆபத்து. ‘மிளகு வித்த மாதிரிதான்’, ‘பில் பாஸான மாதிரிதான்’ என்று சொல்லி வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, விலை இறங்கியதும் வட்டிக்கு ஓடுவது இந்த ஊர் வியாபாரத்தில் அடிக்கடி காணும் காட்சி. கணக்கு நோட்டில் ‘வந்தது’, ‘வர வேண்டியது’ என்று இரண்டு பக்கம் தனியாக வைத்து, செலவை முதல் பக்கத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யுங்கள்.

‘ஆறு மாசத்துல’ என்பதா, தேதியைச் சொல்வதா?

தேதி. காத்திருக்கும் காலத்தை நீளமாகச் சொன்னதைவிடத் தேதியாகச் சொன்னபோது மக்கள் அதிகப் பொறுமை காட்டினார்கள் என்று 2005-ல் டேனியல் ரீட் குழுவினர் காட்டினார்கள். ‘ஆறு மாசம்’ என்றதும் மனம் அந்தக் காத்திருப்பின் நீளத்தை எடை போடுகிறது. ‘ஜனவரி 15’ என்றால் அன்று கைக்கு வரும் தொகை கண்ணில் படுகிறது.

தமிழ்நாட்டுக் கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ பலகையை நினைத்துப் பாருங்கள். அந்த ‘நாளை’ வரவே வராது, ஏனென்றால் அது தேதியில்லை. ‘அடுத்த மாசம் ஆரம்பிக்கிறேன்’ என்பதும் அதே பலகைதான்.

விவசாயிக்குத் தேதி மட்டும் போதாது. ஏற்காட்டு அராபிகா காப்பி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறிப்பாகிறது, மிளகு அதற்குப் பின்னால். பணம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘தை பொறக்கட்டும்’ என்றால் பழைய ஓட்டைதான். நிகழ்ச்சியையும் கடைசித் தேதியையும் கட்டுங்கள்: ‘மிளகு வித்த மறுநாள் 10,000 போடுறேன். பங்குனி 15 வரைக்கும் விக்கலைன்னா காப்பிப் பணத்துல மிச்சமிருக்கறதுல 3,000 போடுறேன்.’ இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் விலைக்காகக் காத்திருப்பது சேமிப்பையும் சேர்த்து இழுத்துப் போய்விடும்.

வருடத்தை நாளாக மாற்றிச் சொன்னால் பயன் உண்டா?

நீல் லூயிஸ், டாப்னா ஆய்சர்மேன் இருவரும் 2015-ல் பார்த்தார்கள். ஓய்வுக்காலம் 40 ஆண்டு தள்ளி என்று கேட்டவரைவிட 14,600 நாள் தள்ளி என்று கேட்டவர் நான்கு மடங்கு சீக்கிரமாகச் சேமிக்கத் தொடங்குவதாகச் சொன்னார். கவனியுங்கள், சொன்னார். உண்மையில் பணம் போட்டாரா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. தொடங்குவதற்கு ஒரு தள்ளு வேண்டும் என்றால் பயன்படுத்தலாம்: மகள் கல்லூரி சேர எட்டு ஆண்டு என்பதை 416 வாரக் கூலி என்று எண்ணிப் பாருங்கள். வாரக் கூலிக்காரருக்கு நாளைவிட வாரம்தான் பிடிபடும் அளவு.

கடன் வட்டியைப் பேசும் பேச்சு பொறுமையைக் கெடுக்கிறதா?

கெடுக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

‘ரெண்டு ரூபா வட்டி’ என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். ‘மூணு ரூபா வட்டி’ 36 சதவீதம். அஞ்சு ரூபா என்றால் 60. வங்கி வைப்புக்கோ அஞ்சலக வைப்புக்கோ ஆண்டு விகிதத்தைச் சொல்கிறார்கள், கடனுக்கு மாத விகிதத்தைச் சொல்கிறோம். காதுக்கு அஞ்சலக வைப்பின் 6.7 பெரிய எண், கடனின் 3 சின்ன எண். உண்மையில் 6.7-க்கு எதிரே நிற்பது 36. மூன்று ரூபாய் வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 1,500. இரண்டு ஆண்டு ஒன்பது மாதத்தில் வட்டியே ஏறக்குறைய அசல் அளவு போய்விடும், அசல் அப்படியே நிற்கும்.

நூறு நாள் தண்டல் இன்னும் மறைவானது. 10,000 என்று பேசி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள், தினமும் 100 வீதம் நூறு நாள். ‘பத்துப் பர்சன்ட்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய பாதித் தொகைதான். நாள்கணக்கில் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 78 சதவீதம் வரும்.

வாங்கும் முன் மாத வட்டியை 12-ஆல் பெருக்கி வாய்விட்டுச் சொல்லுங்கள். அத்துடன் இன்னொரு பயிற்சி. 2008-ல் மேகன், டுவெக், கிராஸ் மூவரும் கண்டது: ‘இன்று 5 டாலரா, 26 நாள் கழித்து 6.20 டாலரா’ என்று கேட்பதைவிட, ‘இன்று 5, பிறகு 0’ அல்லது ‘இன்று 0, பிறகு 6.20’ என்று மறைந்திருக்கும் பூஜ்யத்தையும் சொல்லிக் கேட்டால் மக்கள் அதிகம் காத்திருக்கிறார்கள். 20 மாத ஏலச்சீட்டை முதல் மாதமே தள்ளி எடுக்க நினைப்பவர் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: ‘இப்ப 70,000 வரும், அப்புறம் 19 மாசம் வரவு பூஜ்யம், தவணை மட்டும்.’ அதற்கும் முன்பே கேட்க வேண்டியது, சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா, பதிவு எண் என்ன என்பது. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பொறுமைக்கு வேலையே இல்லை.

சேமிப்புக்குப் பெயர் வைத்தால் உண்மையிலேயே தங்குமா?

தங்கும், இதற்கு இந்தியச் சான்றே இருக்கிறது. வாரக் கூலி வாங்கும் கட்டுமானத் தொழிலாளரிடம் திலீப் சோமனும் அமர் சீமாவும் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. சேமிப்பை மூடிய கவரில் தனியே எடுத்து வைத்தார்கள். கவரின் மேல் பிள்ளைகளின் படம் இருந்தபோது அதிகம் தங்கியது. ஒரே கவராக இல்லாமல் இரண்டு கவராகப் பிரித்தபோதும் அதிகம் தங்கியது, ஒன்றை உடைத்தாலும் மற்றது மிஞ்சும்.

‘சேமிப்பு’ என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் சொந்தமில்லாத சொல். ‘கவிதா பன்னிரண்டாம் வகுப்பு ஃபீஸ், 2029 ஜூன்’ என்று எழுதுங்கள். எடுக்கப் போகும் கை அந்தப் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரி, வாரக் கூலிக்காரர் சரியாக எந்த வாக்கியத்தை எழுத வேண்டும், பணத்தை எங்கே போட வேண்டும்?

ஆள், தொகை, நிகழ்ச்சி, இடம் நான்கும் இருக்க வேண்டும். ‘சனிக்கிழமை கூலி வாங்கினதும், டீக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி, நான் 250 எடுத்து ஃபீஸ் கவர்ல வைக்கிறேன்.’ இப்படி ‘இது நடந்ததும் அதைச் செய்கிறேன்’ என்று கட்டுவது செயலைக் கூட்டும் என்று பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதியதிலிருந்து பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது.

இடத்துக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு பொருத்தம். மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில். ஐந்து ஆண்டு. 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதம் ஆனது. இது காலாண்டுதோறும் அறிவிக்கப்படுவது, கணக்குத் தொடங்கும் அன்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 1,000 போட்டால் அந்த விகிதத்தில் கட்டிய 60,000 சுமார் 71,360 ஆகும்.

தொடங்கும் தேதி முக்கியம். 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 15-க்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை அவகாசம். வாரம் 250 சேர்ப்பவருக்கு நாலாவது சனிக்கிழமைதான் ஆயிரம் நிறையும், ஆகவே 15-க்குப் பிறகு தொடங்குங்கள். ஒன்றாம் தேதி சம்பளக்காரர் முதல் வாரத்திலேயே தொடங்கட்டும், கையில் தங்கும் நாள் குறையும்.

ஆண்டுக்கு 52 வாரம், 250 வீதம் 13,000. கட்ட வேண்டியது 12,000. ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் மிஞ்சும் அந்த 1,000-ஐ ஒரு தவணைக்கான கையிருப்பாக விடுங்கள். காய்ச்சல் வந்து ஒரு வாரம் பட்டறைக்குப் போகாவிட்டால் அதுதான் காப்பாற்றும்.

இப்போது முடியாது, கூலி ஏறினால் போடுகிறேன் என்பது சாக்குதானே?

தொகையும் தேதியும் இல்லாவிட்டால் சாக்கு. இருந்தால் அது நிரூபிக்கப்பட்ட வழி. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி இருவரும் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில், அடுத்தடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகும்படி முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். 2004-ல் வெளியான கணக்குப்படி 40 மாதத்தில் சேமிப்பு விகிதம் 3.5-லிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. இன்றைய கூலியில் யாரும் கை வைக்காததால் வலிக்கவில்லை.

இங்கே செய்வதானால்: ‘அடுத்த கூலி உயர்வுல பாதி.’ தொடர் வைப்பில் மாதத் தொகையை நடுவில் கூட்ட முடியாது, அதனால் கூடுதல் தொகைக்கு இரண்டாவது கணக்குத் தொடங்க வேண்டும். இது தெரியாமல் பலர் பழைய கணக்கை மூடிவிடுகிறார்கள்.

பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

‘நல்லாப் படிச்சா சைக்கிள் வாங்கித் தரலாம்’ என்பதைத் தவிர்த்துவிடுங்கள். ‘உண்டியல்ல 600 சேர்ந்ததும் நான் 600 போடுறேன், அந்த ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறோம்’ என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். மேலே சொன்ன மிட்டாய்ச் சோதனைப் பிள்ளைகள் பொறுத்திருந்தது இப்படிக் காப்பாற்றப்பட்ட வாக்கால்தான். உண்டியலிலிருந்து பெரியவர்கள் அவசரத்துக்கு எடுத்தால், பிள்ளையிடம் கேட்டு, திருப்பிப் போடும் தேதியைச் சொல்லி எடுக்க வேண்டும்.

தவணை தவறிவிட்டால் என்ன செய்வது?

அஞ்சலகத் தொடர் வைப்பில் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 10 ரூபாய்தான். முதலில் பழைய பாக்கியையும் அபராதத்தையும் கட்டிவிட்டு நடப்பு மாதத்தைக் கட்ட வேண்டும். நாலு தவணை தொடர்ந்து தவறினால் கணக்கு நின்றுவிடும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம், அது கடந்தால் மேற்கொண்டு பணம் போட முடியாது.

பத்து ரூபாய் அபராதத்தைவிட அதிகம் கெடுப்பது அதற்குப் பின் வீட்டில் பேசும் பேச்சு. ‘போச்சு, இனி அடுத்த வருஷம்தான்’ என்று சொல்லிவிட்டால் இரண்டாவது தவணையும் போகும். தவறிய அன்றே நோட்டில் புது வாக்கியம் எழுதுங்கள்: ‘வர்ற சனிக்கிழமை கூலியில 500 எடுக்கிறேன், அதுக்கடுத்த சனிக்கிழமை 510 எடுக்கிறேன், திங்கக்கிழமை போஸ்ட் ஆபீஸ்ல 1,010 கட்டிடுறேன்.’